கோட்டை கட்டிய கண்

பகாவ் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
கைப்பேசிக் கடையின் மேல்மாடியில்
இரண்டு நாற்காலி, ஒரு நிலைக்கண்ணாடி, என் கடை.
புருவத்துக்கு எட்டு வெள்ளி.
மேலுதடும் சேர்த்தால் பன்னிரண்டு.

நூலின் ஒரு நுனி என் பல்லில் இருக்கும்.
அதனால் அதிகம் பேசுவதில்லை, பார்ப்பேன்.
பத்தொன்பது வருடமாக
இந்த ஊர்ப் பெண்களின் மூடிய இமைகளை
அவர்கள் புருஷன்மாரும் பார்த்திராத கிட்டத்தில்.
அழுதுவிட்டு வந்த இமை தெரியும்.
கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடிந்து
நேரே படியேறி வந்த இமையும் தெரியும்.

பத்மலோஜினியின் இமைகளில், மூக்கோரம்
மஞ்சளாய் இரண்டு திட்டு,
பருப்பு கொதிக்கையில் தெறித்துக் காய்ந்ததுபோல.
பஞ்சால் துடைத்தேன்.
"அது போகாதுக்கா," என்றாள் கண் திறக்காமல்.
"தீபாவளிக்கு மறைக்கிற மாதிரி ஏதாச்சும் பூசுங்க."

பூசினேன். மறைந்தது.
விரலைத் துடைத்துக்கொண்டே சொன்னேன்:
கொழுப்பு சில பேருக்கு இப்படித்தான்
வாசலில் வந்து உட்காருமாம்,
ரத்தம் எடுத்துப் பாரேன்.

"நீங்க வந்தா நானும் வரேன்."

வியாழக்கிழமை, அரசாங்க கிளினிக்.
ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர் மட்டும்.
எதிர்க் கடையில் ரொட்டி சானாய்
அந்தரத்தில் சுழன்று கல்லில் விழுந்தது.
செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள்
வேகத்தடையில் குதித்து
நாலைந்து பழங்களை உதிர்த்துவிட்டுப் போயின.
இந்த ஊருக்குச் சோறு போடுவது எண்ணெய்.
அந்தச் சோற்றின் மேலும் எண்ணெய்.
லோஜினிக்குச் சொன்னேன், பசியில் அவள் சிரிக்கவில்லை.

மறுவாரம் தாள் வந்தது.
பத்மலோஜினி: மொத்தம் நாலு புள்ளி ஆறு.
நல்லது, கெட்டது, எல்லாம் வரம்புக்குள்.
திட்டு இருக்கிறவர்களில் பாதிப் பேருக்கு
ரத்தம் சரியாகத்தான் இருக்கும் என்றார் டாக்டர் ஹஸ்லினா.

எனக்கு: எட்டு புள்ளி மூன்று.
அதில் கெட்டது மட்டும் ஆறு புள்ளி நாலு.

என் இமையில் ஒரு பொட்டு மஞ்சள் கிடையாது.
கழுவி வைத்த கண்.
மற்றவர்களுக்குக் காட்டித்தரத் தெரிந்த கண்
என் காரியத்தில் வாயே திறக்கவில்லை.

வீட்டில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு?

அப்பாவுக்கு. நாற்பத்திரண்டு வயது.
எண்ணெய் ஆலை வாசலில், எடைமேடையின் மேல்
லோரியை அணைத்து, சாவியைக் கையில் எடுத்து,
அப்படியே.
பதினோரு டன் சொச்சம் என்று சீட்டு வந்தது.
அந்தச் சொச்சத்தில் அவரும் இருந்தார்.
வெயில் என்றார்கள்.
செய்வினை என்று ஒரு சித்தப்பா
கோழி வாங்கக் காசு கேட்டார்.

அவர் கண்ணில் வளையம் ஏதாவது?

கைப்பையின் ஜிப்பைத் திறந்தேன், மூடினேன்.
ஏழு வயதில் நான்தான் முதலில் கண்டுபிடித்தது:
கருவிழியைச் சுற்றி, சாம்பல் வெள்ளையில்.
"அப்பா கண்ணுல நிலா கோட்டை கட்டியிருக்கு!"
அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.
"அப்ப மழை வரும். கொடியில துணிய எடுக்கவா?"
என்று கேட்டாள் அம்மா.

வயதானவர்களுக்கு அது நரைபோல, என்றார் டாக்டர்.
நாற்பதுக்கு முன்னால் வந்தால் அப்படி விடக்கூடாது.
இது குடும்ப வழியில் இறங்கும்.
உங்களுக்குப் பிள்ளை இருந்தால் கூட்டி வாருங்கள்.

லோஜினி பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.
தனக்கு ஒன்றுமில்லை என்பதற்காக
மன்னிப்புக் கேட்பதுபோல.

ராத்திரி, புது மாத்திரையை விழுங்கிவிட்டு
கவினேஷைப் படுக்க வைத்து
கைப்பேசி வெளிச்சத்தில் இமையை விரித்தேன்.
பதினாலு வயது. அப்பாவின் அதே மூக்கு.
வளையம் இல்லை. திட்டு இல்லை.
இல்லாததை நம்பி
நான் மோசம் போய் ஒரு நாள்கூட ஆகவில்லை.

"என்னம்மா தேடுற?"
வர்ற வியாழன் ஸ்கூலுக்கு லீவு போடுடா.
"லைட்ட அணைம்மா, கண்ணு கூசுது."
கூசட்டும்,
இன்னும் கொஞ்ச நேரம்.